கூலி முதலில், வட்டிலப்பம் பிறகு

பெருநாள் என்றதும் இலங்கை முஸ்லிம்களின் வீடுகளில் முதலில் நினைவுக்கு வரும் இனிப்பு வட்டிலப்பம். கல்யாண வீட்டிலும் அது இல்லாமல் சாப்பாடு முடிவதில்லை. நான் இங்கே எழுதப் போவது பெருநாள் வட்டிலப்பத்தைப் பற்றியல்ல. எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயைப் பார்த்துத் தரும் ஒருவருக்கு நன்றியாக, ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் நான் அவித்த வட்டிலப்பத்தைப் பற்றி. அதை அவிக்கும் முறை, மலைநாட்டுக் குளிரில் கவனிக்க வேண்டியவை, ஒருவருக்கு உணவை நன்றியாகக் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டியவை ஆகிய மூன்றையும் சொல்கிறேன். மூன்றிலும் கடைசியைத்தான் நான் சிரமப்பட்டுக் கற்றுக்கொண்டேன்.

வெளியூரவர்களுக்கு நானுஓயா ஒரு புகையிரத நிலையம். மலைநாட்டுப் பாதை 1885இல் இங்கே வந்து சேர்ந்தது. பதுளையை அடைந்தது 1924இல்தான். நுவரெலியாவைப் பார்க்கப் புகையிரதத்தில் வருகிறவர்கள் இன்றும் இங்கேதான் இறங்குகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கு மேலே இருக்கும் ஊர் இது. மழைக்குக் குறைவில்லை. ஆனால் மழை பெய்வது வேறு, வீட்டுக்குள் தண்ணீர் வருவது வேறு. எங்கள் வரிசையில் உள்ள ஐந்து வீடுகளுக்கும் தேயிலை மலைக்கு மேலே உள்ள ஊற்றிலிருந்து கறுப்புப் பைப்பில் தண்ணீர் இறங்கி வருகிறது. மழை பலமானால் மண் சரிந்து பைப் கழன்றுவிடும். மழை இல்லாவிட்டால் இலையும் சேறும் வாயை அடைத்துவிடும். இரண்டுக்கும் ஒரே ஆள்தான் மலை ஏற வேண்டும்.

அவரை நாங்கள் பைப் மாமா என்போம். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் இருக்கிறார். என் வாப்பாவை நானா என்றும் என்னைப் பாப்பா என்றும் கூப்பிடுவார். கையில் ஒரு ரென்ச், இடுப்பில் அறுத்த ரியூப் துண்டுகள், தலையில் ஓர் உரச்சாக்கு. மழைக்கு அவருக்குக் குடை அதுதான்.

கடந்த ஜூலை மாதம் தென்மேல் பருவமழை பிடித்திருந்த நேரம். எங்கள் உம்மம்மா பாரிசவாதத்தில் படுத்த படுக்கையாகி மூன்று மாதமாகியிருந்தது. படுத்த படுக்கையில் ஒருவர் இருக்கும் வீட்டில் தண்ணீர் எவ்வளவு தேவை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நாளைக்கு நான்கு தடவை துடைக்க வேண்டும், விரிப்புகளைத் துவைக்க வேண்டும். ஒரு புதன்கிழமை சுபஹுக்கு எழுந்தபோது குழாயில் காற்று மட்டும் வந்தது. வாப்பா பைப் மாமாவுக்கு ஃபோன் எடுத்தார். மழை விடட்டும் என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் எட்டு மணிக்கெல்லாம் மலையில் நின்றார். பத்தரைக்குக் குழாய் இருமியது, கொஞ்சம் மண் கலந்த தண்ணீர் வந்தது, பிறகு தெளிந்த தண்ணீர் வந்தது. அந்த மழைக்காலத்தில் மட்டும் இப்படி நான்கு தடவை.

நான்கு தடவையும் வாப்பா காசை எடுக்கப் போனபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "இருக்கட்டும் நானா, பொறகு பார்த்துக்குவோம்." எங்கள் கடையில் அப்போது வியாபாரம் குறைவு. உம்மம்மாவின் மருந்துச் செலவு வேறு. அவர் அதைத் தெரிந்துகொண்டே சொன்னார். வாப்பாவும் தலையை ஆட்டிவிட்டுக் காசை மீண்டும் சட்டைப் பைக்குள் வைத்தார்.

நான் உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறேன். வீட்டில் பொறுப்பு வந்த பிறகு சமையலிலும் கை வைக்கத் தொடங்கியிருந்தேன். எனக்கு ஒரு யோசனை வந்தது. "உம்மா, பைப் மாமாவுக்கு நான் ஒரு வட்டிலப்பம் அவிச்சிக் குடுக்கவா?" என்று கேட்டேன். உம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"கூலியப் பாக்கி வச்சிட்டு வட்டிலப்பம் குடுத்தா அது நன்றி இல்ல மகள். அது அவர்ர வாய அடைக்கிற வேல."

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோது உம்மா சொன்னது சரியென்று பட்டது. பத்து முட்டை போட்டு அவித்த ஓர் இனிப்பைக் கையில் வாங்கிய மனிதர், அதன் பிறகு எப்படித் தன் பாக்கியைக் கேட்பார்? நான் கொடுக்க நினைத்த அன்பளிப்பு, அவருக்கு உரிய பணத்தை அவர் கேட்க முடியாமல் செய்துவிடும்.

இஸ்லாம் பாடத்தில் நாம் இரண்டு நபிமொழிகளைப் படித்திருக்கிறோம். ஒன்று, மனிதருக்கு நன்றி செலுத்துவதை இறைவனுக்கு நன்றி செலுத்துவதோடு சேர்த்துப் பேசுகிறது. மற்றது, வேலை செய்தவரின் வியர்வை உலருவதற்கு முன்பே கூலியைக் கொடுக்கச் சொல்கிறது. இரண்டையும் பரீட்சைக்காகத் தனித்தனியாகப் பாடமாக்கியிருந்தேன். இரண்டுக்கும் ஒரு வரிசை உண்டு என்பது உம்மா சொன்ன பிறகுதான் விளங்கியது. கூலி அவருடைய உரிமை. நன்றி என்பது அந்த உரிமையைக் கொடுத்து முடித்த பிறகு, நம் விருப்பத்தில் கொடுப்பது.

வேலை செய்தவர்களுக்குக் கூலிக்கு மேலே ஏதாவது கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இங்கிலாந்தில் நத்தாருக்கு மறுநாளான டிசம்பர் 26ஐ 'பொக்ஸிங் டே' என்கிறார்கள். தபால்காரர், கடைப் பையன், வீட்டு வேலையாட்கள் ஆகியோருக்குப் பெட்டியில் அன்பளிப்புக் கொடுத்ததால் வந்த பெயர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. நம் நாட்டில் சித்திரைப் புத்தாண்டுக்குக் கொண்டைப் பணியாரமும் கொக்கிஸும், தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும், பெருநாளைக்கு வட்டிலப்பமும் வேலிக்கு மேலால் கைமாறுகின்றன. திருக்குறளிலும் 'செய்ந்நன்றி அறிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இவை எல்லாம் கூலிக்கு மேலதிகமாக நிற்கும்போதுதான் அழகு. கூலிக்குப் பதிலாக நின்றால் அழகில்லை.

மறுநாள் உம்மா சொன்னதை நான் வாப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்றிரவு கடைக் கணக்குக் கொப்பியில் ஒரு புதிய பக்கத்தில் நான்கு திகதிகளை எழுதினார். செப்டெம்பர் கடைசியில் பாதியும் ஒக்டோபர் கடைசியில் மீதியும் கொடுத்து முடித்தார். பைப் மாமா வாங்க மறுத்தார். வாப்பா அவருடைய கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து மூடினார். அதன் பிறகுதான் உம்மா என்னிடம் முட்டை வாங்கக் காசு தந்தார்.

இனி வட்டிலப்பத்துக்கு வருவோம். 'வட்டில்' என்பது கிண்ணம். வட்டிலில் அவிக்கும் அப்பம் வட்டிலப்பம் என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். இதை இலங்கைக்குக் கொண்டுவந்தவர்கள் ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து வந்த மலாய் மக்கள் என்பது பரவலான கருத்து. முட்டை, தேங்காய்ப்பால், பனைவகைக் கருப்பட்டி மூன்றையும் சேர்த்து அவிக்கும் 'சிறிகாயா' என்ற இனிப்பு மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இன்றும் உண்டு. இரண்டும் உறவுக்காரர் என்பது பொருட்களைப் பார்த்தாலே தெரியும்.

அந்தப் பொருட்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. தேங்காய் வருவது குருநாகல், புத்தளம், கம்பஹா பக்கத்துத் தென்னை முக்கோணத்திலிருந்து. கித்துள் மரம் இரத்தினபுரி, கேகாலை போன்ற தாழ்ந்த, ஈரமான மலைப் பகுதிகளில் வளர்வது. அதன் பூங்கொத்தைச் சீவி வடியும் பதநீரைக் காய்ச்சினால் பாணி. இன்னும் காய்ச்சினால் கருப்பட்டி. ஏலக்காயும் சாதிக்காயும் கண்டி, மாத்தளைப் பக்கம். கஜு புத்தளம், மட்டக்களப்புப் பக்கம். இவற்றில் ஒன்றுகூட நானுஓயாக் குளிரில் வளராது. வட்டிலப்பத்துக்கு எங்கள் ஊர் கொடுப்பது அவிப்பதற்கான தண்ணீரை மட்டும்தான். அந்தத் தண்ணீர் வீட்டுக்குள் வருவதற்குக் காரணமானவருக்கே அது போகப் போகிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது.

அளவு இது: முட்டை பத்து, கித்துள் கருப்பட்டி அரைக் கிலோ, கெட்டித் தேங்காய்ப்பால் அரை லீற்றர், ஏலத்தூள் ஒரு தேக்கரண்டி, சாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை, மேலே தூவக் கஜு ஒரு கைப்பிடி. கருப்பட்டி வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். சீனி கலந்த கருப்பட்டிதான் சந்தையில் அதிகம். நல்ல கித்துள் கருப்பட்டிக்கு இனிப்புக்குள் ஒரு மெல்லிய புகை வாசம் இருக்கும். அது இல்லாவிட்டால் வட்டிலப்பம் வெறும் முட்டைப் புடிங் ஆகிவிடும்.

முதலில் கருப்பட்டியைச் சீவி, கால் கோப்பைத் தண்ணீரில் மெல்லிய நெருப்பில் கரைத்து, துணியில் வடிகட்டுங்கள். தூசியும் சில நேரம் எறும்பும் வரும். பிறகு அதை நன்றாக ஆறவிடுங்கள். இந்த இடத்தில்தான் நான் முதல் தடவை தோற்றேன். அவசரப்பட்டுச் சூடான பாகை முட்டைக்குள் ஊற்றினேன். கிண்ணத்துக்குள்ளேயே முட்டை திரிந்து துகள் துகளாகிவிட்டது. ஐந்து முட்டை வீண். நல்ல வேளை, பாதி அளவில் ஒத்திகை பார்க்கச் சொன்னது உம்மாதான்.

ஏன் திரிந்தது என்பதற்கு விடை எங்கள் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. முட்டையின் புரதங்கள் சுருண்ட நூல் போன்றவை. வெப்பம் பட்டால் அவை அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. மெதுவாகச் சூடேறினால் அந்தப் பின்னல் ஒரு நுண்ணிய வலையாகி, பாலையும் பாகையும் தன் கண்களுக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். அதுதான் வட்டிலப்பத்தின் மென்மை. திடீரென்று சூடு பட்டால் புரதங்கள் கட்டி கட்டியாக ஒட்டி, தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். தனி முட்டை வெள்ளை 62 பாகை செல்சியஸ் அளவிலேயே உறையத் தொடங்கும். பாலும் இனிப்பும் சேர்ந்த கலவை உறைவதற்கு ஏறத்தாழ 80 முதல் 85 பாகை வரை வேண்டும். இனிப்பும் பாலும் புரதங்களை விலக்கி வைப்பதால் அவை ஒன்றையொன்று சந்திக்கத் தாமதமாகிறது.

ஆறிய பாகோடு முட்டையை அடித்துச் சேர்க்க வேண்டும். நுரை பொங்கும் அளவுக்கு அடிக்கக் கூடாது. காற்றுக் குமிழிகள் ஓட்டைகளாகும். சில வீடுகளில் அந்தச் சிறு ஓட்டைகள்தான் ருசி என்பார்கள், பாகு அதற்குள் தேங்குமாம். எங்கள் உம்மம்மாவுக்கு ஓட்டை இருந்தால் பிடிக்காது. நான் உம்மம்மாவின் கட்சி.

அடுத்தது தேங்காய்ப்பால். இங்கே மலைநாட்டுக்காரர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தேங்காயின் கொழுப்பு ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே இறுகிவிடும். எங்கள் ஊர்க் குசினியில் பகலிலேயே அதைவிடக் குளிர். அதனால் பச்சைத் தண்ணீரில் பிழிந்தால் கொழுப்பு துருவலோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். வந்த பாலும் மேலே கட்டியாகும். கை பொறுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பிழியுங்கள், பிழிந்த உடனே சேருங்கள். ஏலம், சாதிக்காய், உப்புப் போட்டு, எல்லாவற்றையும் இன்னொரு தடவை வடிகட்டி வட்டிலில் ஊற்றுங்கள்.

அவிப்பதற்கு இடியப்பச் சட்டி போதும். வட்டிலின் வாயை எண்ணெய்த்தாளால் மூடிக் கட்ட வேண்டும். சட்டி மூடியின் உட்புறம் ஒரு துணியையும் கட்டினால் ஆவி நீராகிச் சொட்டாது. நெருப்பு மெல்லியதாக இருக்கட்டும். சமையல் குறிப்புகளில் 45 நிமிடம் என்று இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. இதற்கும் காரணம் உண்டு. உயரம் கூடக் கூட வளியமுக்கம் குறைவதால், ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஒரு பாகை வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்குகிறது. கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் எங்களிடம் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடும். ஆவியும் அதே சூட்டில்தான் இருக்கும். போதாதற்குக் கலவையும் குளிராகவே சட்டிக்குள் போகிறது. ஆகவே நடுப்பகுதி 80 பாகையைத் தாண்டக் கூடுதல் நேரம் வேண்டும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. ஆவி கொஞ்சம் இதமாக இருப்பதால் முட்டை திரியும் ஆபத்துக் குறைவு. பொறுமை உள்ளவர்களுக்கு மலைநாடு வட்டிலப்பத்துக்கு ஏற்ற இடம்தான். ஓர் ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுத்தால் கலவை ஒட்டாமல் வர வேண்டும். ஆறிய பிறகு நெய்யில் வறுத்த கஜுவைத் தூவுங்கள்.

சமையல் சரிவந்தாலும் இன்னொரு வேலை மீதம் இருந்தது. நான் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு கொண்டு போகத்தான் நினைத்திருந்தேன். எங்களுக்கு அது சிறந்த நாள். தற்செயலாகப் பைப் மாமாவின் மகளை பஸ்ஸில் சந்தித்தேன். அவள் என்னைவிட இரண்டு வகுப்புக் கீழே, வேறு பாடசாலையில் படிக்கிறாள். "வெள்ளிக்கெழம அப்பா வெரதம் அக்கா. முட்டகூடத் தொடமாட்டாரு," என்றாள். பத்து முட்டை வட்டிலப்பத்தை விரத நாளில் கொண்டுபோய் நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மரியாதைக்காக வாங்கி வைத்திருப்பார். நான் நிம்மதியோடு திரும்பியிருப்பேன். அவர்தான் சங்கடப்பட்டிருப்பார்.

ஆகவே கொடுப்பதற்கு முன் கேளுங்கள். அவர் எந்த நாளில் எதைத் தவிர்ப்பார்? கார்த்திகை, மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறாரா? பௌத்தராயின் போயா தினத்தில் சில் எடுப்பவரா? வீட்டில் யாருக்காவது சீனி வருத்தம் உண்டா? முட்டை சாப்பிடாதவர் என்றால் நம் நோன்பு காலத்துக் கடற்பாசி இருக்கிறது. அது கடலில் வளரும் பாசியிலிருந்து எடுப்பது. முட்டையும் இல்லை, மிருகக் கொழுப்பும் இல்லை. நமக்கு ஹலால் எது என்று மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு சமைத்தால் நாம் எவ்வளவு சந்தோஷப்படுகிறோம்! அதே கேள்வியை நாமும் கேட்கலாம்.

நவம்பர் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு வட்டிலை மெல்லிய துணியில் கட்டி, தம்பியோடு லயத்துக்குப் போனேன். பைப் மாமா வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். "என்னா பாப்பா இது, பெருநாளா?" என்று கேட்டார். "இல்ல மாமா, சும்மாதான். ஜூலையில தண்ணி வந்ததுக்கு," என்றேன். சொல்லிவிட்ட பிறகு எனக்கே அது சரியான பதிலாகத் தெரியவில்லை. வேறு பதிலும் வரவில்லை. அவர் கையைக் கழுவி, இரண்டு கையாலும் வாங்கினார். அவருடைய மனைவி வெறும் வட்டிலைத் திருப்பித் தர மாட்டேன் என்று சொல்லி, மாலையில் மகளிடம் லீக்ஸும் கரட்டும் நிறைத்து அனுப்பினார்.

உம்மம்மாவுக்கும் ஒரு சிறு கிண்ணத்தில் தனியாக அவித்திருந்தேன். கரண்டியால் ஊட்டினேன். அவருக்குப் பேச்சுச் சரியாக வராது. கிண்ணத்தைப் பார்த்து, ஓட்டை இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார்.

டிசம்பரில் மீண்டும் மண் சரிந்து பைப் கழன்றது. பைப் மாமா வழக்கம்போல் உரச்சாக்கோடு மலை ஏறினார். மத்தியானம் இறங்கி வந்து, பிளேன்டீ குடித்து முடித்தார். வாப்பா எவ்வளவு என்று கேட்டார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, 'பொறகு பார்த்துக்குவோம்' என்று சொல்லாமல், அவர் தன் கூலியைத் தன் வாயாலேயே சொன்னார். வாப்பா எண்ணிக் கொடுத்தார். குசினியில் நின்ற உம்மா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.